67 மாத மௌனம்: ஸ்டோன் ரோசஸ் இரண்டாவது ஆல்பம் ஏன் இழுத்தடித்தது?

மான்செஸ்டர் நகரத்து ராக் குழுவான தி ஸ்டோன் ரோசஸின் முதல் ஆல்பம் 1989 மே மாதம் வந்தது. இரண்டாவதான 'செகண்ட் கமிங்' 1994 டிசம்பர் 5 அன்று. நடுவில் 67 மாதங்கள். பீட்டில்ஸ் தங்கள் ஆல்பங்கள் அனைத்தையும் பதிவுசெய்து முடிக்கவே சுமார் ஏழு ஆண்டுகள்தான் ஆயின என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் புரியும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், இசைத்தட்டுக் கம்பெனி வழக்குப் போட்டு முடக்கிவிட்டது என்பது. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அந்தக் காரணம் பாதிதான் தாங்குகிறது. தடையாணை வந்தது 1990 செப்டம்பரில். தீர்ப்பு 1991 மே மாதம். மேல்முறையீட்டுத் தொல்லை இன்னொரு வருடத்தை விழுங்கியது. தாராளமாக வைத்தாலும் இருபது, இருபத்தொரு மாதம் வரும். அதற்குப் பிறகும் இரண்டரை ஆண்டு மிஞ்சுகிறது. அது ஸ்டுடியோவுக்குள் கரைந்த காலம். ஆகவே வழக்கை மட்டும் பார்த்தால் போதாது. முதல் ஆல்பம் எப்படி உருவானது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பழைய சரக்கு

குழு 1983இல் தொடங்கியது. பாடகர் இயன் பிரவுன், கிதார் ஜான் ஸ்கொயர். டிரம்ஸ் வாசித்த ரெனி 1984இலும், பாஸ் வாசித்த மானி 1987இலும் சேர்ந்தார்கள். 1985இல் ஜாய் டிவிஷன் தட்டுகளைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட்டுடன் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் ஓர் ஆல்பத்துக்கான அளவு பாடல்களைப் பதிவு செய்தார்கள். ஒரு சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, வந்தது. மற்றவை பெட்டிக்குள் போயின. 1996இல் 'கராஜ் ஃபிளவர்' என்ற பெயரில் அவை வெளியானபோதுதான் பொதுமக்கள் கேட்டார்கள்.

அந்தப் பதிவை இன்று கேட்கக் காரணம் அதன் தரமல்ல. வேகமும் கூச்சலும் கூடின, எதிரொலியில் நனைந்து ஊறிய பதிவு அது. ஆனால் அதில் 'ஐ வானா பீ அடோர்டு' இருக்கிறது, 'திஸ் இஸ் தி ஒன்' இருக்கிறது. 1989 ஆல்பத்தின் முதல் பாட்டும், கடைசிக்கு முந்தைய பாட்டும். அதாவது 1989 ஆல்பத்தின் தயாரிப்பாளர் லெக்கியின் மைக் முன்னால் நிற்பதற்குள் அந்தப் பாடல்களுக்கு மூன்று நான்கு வயதாகியிருந்தது. மேடைமேடையாக வாசித்து, வேகம் குறைத்து, வேண்டாத சதையை அறுத்தெறிந்த பாடல்கள். ஸ்டுடியோவில் இவற்றை எழுத வேண்டியதில்லை, பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

லெக்கியின் டேப்

சில்வர்டோன் கம்பெனியோடு 1988இல் ஒப்பந்தம் ஆனது. சில்வர்டோன் என்பது ஜோம்பா குழுமத்தின் கிளை. அங்கிருந்து வந்த முதல் சிங்கிளான 'எலிஃபன்ட் ஸ்டோன்' பாட்டை நியூ ஆர்டர் குழுவின் பீட்டர் ஹுக் தயாரித்தார். ஆல்பத்துக்கு வந்தவர் ஜான் லெக்கி. 1970இல் லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் டேப் ஓட்டுபவராகத் தொழில் தொடங்கியவர். ஜார்ஜ் ஹாரிசன், பிங்க் ஃபிளாய்ட் பதிவுகளின் பக்கத்தில் நின்று கற்றவர். அறுபதுகளின் ஒலி எப்படி உண்டானது என்பது அவருக்குக் கைப்பழக்கம்.

பதிவு 1988 நடுவிலிருந்து 1989 தொடக்கம்வரை நடந்தது. பெரும்பகுதி லண்டன் வில்ஸ்டனில் இருந்த பேட்டரி ஸ்டுடியோவில். அது ஜோம்பாவுக்கே சொந்தம். கொஞ்சம் ஹார்ன்சியில் கிங்க்ஸ் குழுவினரின் கொங்க் ஸ்டுடியோவில். மீதி வேல்ஸின் மான்மத் அருகே பண்ணை வீட்டில் அமைந்த ராக்ஃபீல்டில். கம்பெனியின் சொந்த ஸ்டுடியோவில் பதிவு செய்வது மலிவு போலத் தோன்றும். ஆனால் அந்த வாடகையும் குழுவின் கணக்கில்தான் ஏறும் என்பது பொது வழக்கம். ஒரு பையில் இருந்து எடுத்துக் கம்பெனியின் இன்னொரு பையில் போடுவது போல. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த ஆல்பத்தின் நுட்பத்தை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் 'டோன்ட் ஸ்டாப்' பாட்டைத்தான் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய பாட்டான 'வாட்டர்ஃபால்' டெமோவை, அதாவது முன்னோட்டப் பதிவை, பின்னோக்கி ஓட்டி, அதன்மேல் கட்டியது அது. குழுவுக்கு இது புதிதல்ல: 'எலிஃபன்ட் ஸ்டோன்' தட்டின் மறுபக்கத்தில் வந்த 'ஃபுல் ஃபாதம் ஃபைவ்' அதே பாட்டின் தலைகீழ் வடிவம், 'மேட் ஆஃப் ஸ்டோன்' பின்னோக்கி ஓடினால் 'குவர்னிகா'. ஆனால் அவை விளையாட்டு. 'டோன்ட் ஸ்டாப்' தனிப்பாட்டாக நிற்கிறது. ஏன் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

டேப்பைத் திருப்பி ஓட்டினால் மூன்று காரியம் நடக்கும். முதலாவது, ஒலியின் உருவம் கவிழும். கிதார் நரம்பைத் தட்டினால் ஒலி சட்டென எழுந்து மெல்லத் தேயும். தலைகீழில் மெல்லப் பெருகி வந்து சட்டென அறுபடும். இரண்டாவது, கார்டுகளின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளின், வரிசை கவிழும். நேரே ஓடும்போது வீடு திரும்புவது போல முடியும் வரிசை, தலைகீழில் வீட்டைவிட்டுக் கிளம்புவது போல ஆகிவிடும். எல்லாப் பாட்டுக்கும் இது ஒத்துவராது. 'வாட்டர்ஃபால்' சுழன்று சுழன்று வரும் கிதார் அமைப்பு கொண்டது என்பதால் எந்தப் பக்கம் ஓட்டினாலும் சுழல்கிறது. மூன்றாவதுதான் தலைவலி. தாளத்தின் அடி தள்ளிப்போகும். டிரம் அடியின் உச்சம் இப்போது ஒலியின் தொடக்கத்தில் இல்லை, முடிவில் இருக்கிறது. கேட்பவருக்குத் தாளத்தின் முதல் அடியான 'ஒன்று' எங்கே என்றே பிடிபடாது. ஆகவே நேரே ஓடும் தாள அடியைப் புதிதாகப் பதித்து ஆணி அடிக்க வேண்டும். 'டோன்ட் ஸ்டாப்' அதைத்தான் செய்கிறது. அப்படி ஆணி அடிக்காத தலைகீழ்ப் பதிவு இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும்.

பாட்டின் வரிகளும் அதே வழியில் பிறந்தன. பின்னோக்கி ஓடும் குரலைக் கேட்டு, காதுக்கு என்ன சொல் போலத் தோன்றுகிறதோ அதை ஸ்கொயர் எழுதினார். அதைப் பிரவுன் நேராகப் பாடினார். பழைய குரலின் அசைக்கணக்கு அப்படியே இருப்பதால் புதுக்குரல் அதன்மேல் பிசிறில்லாமல் உட்காருகிறது.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இன்று மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். நாலு டிராக் கேசட் மெஷினில் கேசட்டைப் புரட்டிப் போட வேண்டும். புரட்டியதும் முதல் டிராக் நாலாவதாகவும் இரண்டாவது மூன்றாவதாகவும் மாறிவிடும். அதை மறந்து பதிவுப் பொத்தானை அழுத்தியவர்கள் நல்ல குரல் டிராக்கை அழித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அட்டை ஓவியமும் ஸ்கொயருடையதே. ஜாக்சன் பொல்லாக் பாணியில் தெறித்த வண்ணம், பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறம், எலுமிச்சைத் துண்டுகள். 1968 மே மாதப் பாரீஸ் கலகத்தில் கண்ணீர்ப் புகைக்கு மாற்றாக எலுமிச்சையைப் பயன்படுத்தியதன் குறிப்பு அது.

லூப் காட்டிய வழி, லூப் கெடுத்த வழி

1989 நவம்பரில் வந்த 'ஃபூல்ஸ் கோல்டு' வேறு விதமாக உருவானது. இடம் கார்ன்வாலின் சாமில்ஸ் ஸ்டுடியோ. ஃபோவி ஆற்றங்கரையில் இருக்கிறது, படகில்தான் சாமான் போகும். ஜேம்ஸ் பிரவுன் வட்டத்து ஃபங்க் இசையின் டிரம் துண்டு ஒன்றை லூப்பாக, அதாவது அதே துண்டு திரும்பத் திரும்ப வரும்படி, சுற்றவிட்டு, அதன்மேல் ரெனி கூடவே வாசித்தார். மானியின் பாஸ் ஒரே உருவை விடாமல் சுற்றும். ஸ்கொயர் வா-வா பெடலில் கிதாரைப் பேசவைத்தார். முழு வடிவம் 9 நிமிடம் 53 நொடி. முதலில் இன்னொரு பாட்டின் மறுபக்கத்துக்கு என்று நினைத்திருந்தது, இரண்டு பக்கமும் முன்பக்கம் என்ற கணக்கில் வெளியாகி, பிரிட்டிஷ் பட்டியலில் 8ஆம் இடம் பிடித்தது.

லூப்பில் ஒரு சங்கடம் உண்டு. மனித டிரம்மர் பல்லவிக்குள் நுழையும்போது இம்மியளவு முந்துவார், சரணத்தில் தளர்வார். லூப் அசையாது. கூட வாசிப்பவர் முந்தினால் இரண்டு டிரம் அடிகளும் இரட்டையாகக் கேட்கும், அதாவது குதிரை நொண்டும். ரெனி லூப்போடு மல்லுக்கட்டவில்லை. லூப் விட்ட இடைவெளிகளில் மட்டும் தன் அடிகளைச் செருகினார். பாட்டின் ரகசியம் அங்கேதான்.

ஆனால் இந்த வெற்றி ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது. பாட்டு எழுதி எடுத்துப் போக வேண்டாம், ஒரு தாளத்தை ஓடவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தால் பாட்டு தானாக வரும் என்ற பழக்கம். 1990 ஜூலையில் வந்த 'ஒன் லவ்' 4ஆம் இடம் வரை ஏறியது. ஆனால் அதே அடுப்பில் இரண்டாவது ஈடு வார்த்த தோசை. காதுள்ளவர்களுக்கு அப்போதே தெரிந்தது.

அந்த ஆண்டின் மேடைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மே 27, விட்னஸ் ஊரில் ஸ்பைக் ஐலண்ட் நிகழ்ச்சி. மெர்சி கழிமுகத்தில், ரசாயன ஆலைகள் சூழ்ந்த இடம். ஏறக்குறைய 27,000 பேர். வரலாற்றுச் சிறப்பு என்று இன்று பேசுபவர்கள், அன்று ஒலி காற்றில் அடித்துப்போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்த நீர்ப்பரப்பில் காற்று வீசினால் உச்ச ஒலிகள் முதலில் கலையும், பாஸ் மட்டும் மிஞ்சும். பின்வரிசைக்குப் போனது முழக்கம்தான். ஜூன் 9, கிளாஸ்கோ கிரீன். அத்தோடு 1995 வரை மேடை இல்லை.

ஒப்பந்தத்தின் கடிகாரம்

இனி வழக்கு. 1990 செப்டம்பரில், குழு வேறு கம்பெனிக்குப் பதிவு செய்யக்கூடாது என்று சில்வர்டோன் தடையாணை வாங்கியது. குழுவின் வாதம், 1988 ஒப்பந்தமே செல்லாது என்பது. சட்டத்தில் இதற்குப் பெயர் தொழில் முடக்கம்: ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் நியாயமற்ற அளவுக்குக் கட்டிவைக்கும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமலாக்காது.

அக்கால இசைத்தட்டு ஒப்பந்தங்களில் இரண்டு சக்கரங்கள் உண்டு. ஒன்று ஆப்ஷன். முதல் காலத்துக்குப் பிறகு, அடுத்த ஆல்பம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பது கம்பெனி. வேண்டும் என்றால் குழு கொடுத்தாக வேண்டும். வேண்டாம் என்றால் குழு தெருவில். குழு விலக விரும்பினால் அதற்கு வாசலே கிடையாது. ஒரு காலம் எப்போது முடிகிறது என்பது ஆல்பம் வெளியாகும் நாளோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளியிடும் நாள் கம்பெனி கையில். அப்படியானால் கடிகாரமும் கம்பெனி கையில். அதோடு வெளியிட்டே தீர வேண்டும் என்ற கடமையும் கம்பெனிக்கு இல்லை என்றால், குழுவைக் காலவரையின்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். சில்வர்டோன் ஒப்பந்தத்தின் ஊனம் இதுதான்.

இன்னொரு சக்கரம் கழித்துக்கொள்ளல். பதிவுச் செலவு முழுவதும் குழுவின் ராயல்டியிலிருந்து, அதாவது விற்பனையில் அதற்கு வரும் பங்கிலிருந்து, மட்டும் கழியும். ஒரு மாதிரிக் கணக்கு: தட்டின் மொத்த விற்பனை விலை 4 பவுண்டு, ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கு 40 பென்ஸ். பதிவுச் செலவு 60,000 பவுண்டு என்றால், 1,50,000 தட்டு விற்ற பிறகுதான் குழுவின் கணக்கு சைபருக்கே வரும். அதற்குள் தட்டுகளால் வந்த மொத்த வரவு 6,00,000 பவுண்டு. கம்பெனிக்கும் அச்சு, விளம்பரம், விநியோகம் என்று செலவு உண்டுதான். ஆனால் கம்பெனி லாபம் பார்க்கும் புள்ளியும் குழு முதல் காசு பார்க்கும் புள்ளியும் ஒன்றல்ல. இந்த இடத்தில் கணக்குப் போடாமல் கையெழுத்துப் போட்ட குழுக்கள் ஏராளம்.

ஸ்டோன் ரோசஸ் விஷயத்தில் பதிவு ஒப்பந்தத்தோடு பாடல் உரிமை ஒப்பந்தமும் அதே ஜோம்பா குழுமத்திடம் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு கையும் ஒரே கயிற்றில். குழுவுக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞருக்கு இசைத்துறை அனுபவம் இல்லை. 1991 மே மாதம் நீதிபதி ஹம்ஃப்ரீஸ் இரண்டு ஒப்பந்தங்களையும் அமலாக்க மறுத்தார்.

இந்தத் தீர்ப்புக்கு முன்னோடி உண்டு. 1974இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்த்த ஷ்ரோடர் எதிர் மெக்காலே வழக்கு. 21 வயதுப் பாடலாசிரியர் ஒருவர் 50 பவுண்டு அட்வான்ஸுக்கு ஐந்தாண்டுப் பாடல்களை எழுதிக்கொடுத்தார், அவற்றை வெளியிடும் கடமை பதிப்பாளருக்கு இல்லை, ஒப்பந்தம் செல்லவில்லை. ஆனால் 1994இல் ஜார்ஜ் மைக்கேல் இதே ஆயுதத்தை எடுத்து சோனியுடன் மோதித் தோற்றார். வேறுபாடு எங்கே? அவர் நட்சத்திரமான பிறகு, தேர்ந்த வழக்கறிஞர்களை வைத்து ஒப்பந்தத்தைத் திருத்திப் பணமும் பெற்றிருந்தார். கையெழுத்திடும் நாளில் யார் எவ்வளவு பலவீனமாக இருந்தார்கள் என்பதை நீதிமன்றம் எடைபோடுகிறது. பலவீனத்தில் போட்ட கையெழுத்து ஸ்டோன் ரோசஸைக் காப்பாற்றியது. பலத்தில் போட்ட கையெழுத்து ஜார்ஜ் மைக்கேலைக் கட்டிப்போட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த வெற்றி எதிர்காலத்துக்கு மட்டும்தான். பதிவாகிப் போன மாஸ்டர் டேப்புகள், அதாவது மூலப் பதிவுகள், சில்வர்டோனிடமே இருந்தன. குழு மௌனமாக இருந்த காலத்தில் கம்பெனி மௌனமாக இல்லை. 'ஐ வானா பீ அடோர்டு' 1991இல் சிங்கிளாக வந்தது. 1992இல் சிங்கிள்களையும் மறுபக்கப் பாடல்களையும் திரட்டி 'டர்ன்ஸ் இன்டு ஸ்டோன்' வந்தது. புதுச் சரக்கு இல்லாத கடையில் பழைய சரக்கே புதுப் பொட்டலத்தில் விற்றது.

கெடு இல்லாத ஸ்டுடியோ

தீர்ப்புக்குப் பின் அமெரிக்காவின் கெஃபன் கம்பெனி பெரிய அட்வான்ஸோடு குழுவை எடுத்துக்கொண்டது. 1992இல் வட வேல்ஸின் யூலோவில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடமாடும் ஸ்டுடியோவை நிறுத்தி வேலை தொடங்கினார்கள். லெக்கியே தயாரிப்பாளர். பிறகு ராக்ஃபீல்டுக்குப் போனார்கள். 1993இல் லெக்கி விலகினார். முதல் ஆல்பத்தின் ஒலிப்பொறியாளரான பால் ஷ்ரோடர் அவர் இடத்தை எடுத்துக்கொண்டார், அவரும் போனார். ராக்ஃபீல்டின் பொறியாளர் சைமன் டாசன்தான் முடித்துக்கொடுத்தார்.

விலகிய லெக்கி அடுத்து என்ன செய்தார் என்பது இந்த ஆய்வுக்கு நல்ல ஒப்பீடு. 1994இல் ரேடியோஹெட்டின் 'தி பென்ட்ஸ்' பதிவுக்குப் போனார். அது 1995 மார்ச்சில் வெளியானது. அதாவது ரோசஸ் ஆல்பம் வந்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் அவர் புதிதாகத் தொடங்கிய ஆல்பமும் கடைக்கு வந்துவிட்டது. குறை தயாரிப்பாளரிடம் இல்லை.

குறை எங்கே? முதலில், பாடல் இருப்பு. 1985 முதல் சேர்த்ததெல்லாம் முதல் ஆல்பத்தோடும் சிங்கிள்களோடும் தீர்ந்தது. மேடையேறாததால் புதிய பாடலை மக்கள் முன் வாசித்துச் செதுக்கும் உலையும் அணைந்துவிட்டது. அடுத்து, எழுதும் கை. முதல் ஆல்பத்தின் பாடல்கள் ஸ்கொயர்–பிரவுன் இருவர் பெயரிலும் இருந்தன. இரண்டாவதில் பெரும்பாலானவை ஸ்கொயர் பெயரில் மட்டும். 'பெகிங் யூ' இருவருடையது, 'டேபிரேக்' நால்வருடையது, 'ஸ்ட்ரெய்ட் டு தி மேன்' பிரவுனுடையது. கிதாரிஸ்ட் தனியாக எழுதும்போது பாட்டு கிதாரைச் சுற்றியே வளரும். லெஸ் பால் கிதாரின் தடித்த ஒலி, லெட் ஸெப்பலின் சாயல் கொண்ட நீண்ட தனி வாசிப்புகள், அடுக்குமேல் அடுக்காகச் சேர்த்த பதிவு. ரெனி–மானி இணையின் துள்ளல் அந்த அடுக்குகளுக்கு அடியில் போய்விட்டது. இது ரசனை சார்ந்த தீர்ப்பு என்று சொல்பவர்கள் உண்டு. 'டேபிரேக்' பாட்டைக் கேட்டுவிட்டு வாதாடலாம். நால்வரும் ஒரே அறையில் மூச்சு விடுவது அதில் கேட்கும்.

பிறகு கெடு. பேட்டரி நாட்களில் காசு கொஞ்சம், கேட்க ஆள் இருந்தது. ராக்ஃபீல்டில் அட்வான்ஸ் இருந்தது. தங்குமிடமும் ஸ்டுடியோவும் ஒரே வளாகம். கம்பெனியோ கடலுக்கு அப்பால். தங்கிப் பதிவு செய்யும் ஸ்டுடியோவில் வீட்டுக்குப் போகும் நேரம் என்று ஒன்று இல்லாததால், வேலை தொடங்கும் நேரம் என்றும் ஒன்று இல்லாமல் போவது எளிது. ஒரு லூப்பை ஓடவிட்டு மணிக்கணக்கில் வாசித்தால் மறுநாள் அதையெல்லாம் கேட்டுத் தேறியதைப் பொறுக்க இன்னும் மணிக்கணக்கு வேண்டும். டேப் மலைபோல் குவியும், பாட்டு நகராது. 'பிரேக்கிங் இன்டு ஹெவன்' பாட்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய நாலரை நிமிடம் ஓடும் நீர், தொலைவு டிரம்ஸ், கிதார் முனகல் என்று போவது அந்த வாழ்க்கையின் நேரடிச் சாட்சி.

1994 நவம்பரில் வந்த 'லவ் ஸ்ப்ரெட்ஸ்' சிங்கிள் 2ஆம் இடத்தையும், டிசம்பரில் வந்த 'செகண்ட் கமிங்' ஆல்பம் 4ஆம் இடத்தையும் பிடித்தன. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டில் பிளரின் 'பார்க்லைஃப்', ஓயசிஸின் 'டெஃபினிட்லி மேபி' இரண்டும் வந்து வீட்டைப் பிடித்துக் குடியேறிவிட்டன. முதல் பேட்டியை வீடற்றோர் விற்கும் 'தி பிக் இஷ்யூ' இதழுக்குக் கொடுத்ததில் இசைப் பத்திரிகைகளுக்குக் கோபம் வேறு.

மீதி வேகமாகச் சரிந்தது. 1995 மார்ச்சில் ரெனி விலகினார். ஜூனில் கிளாஸ்டன்பரி மேடைக்கு முன் ஸ்கொயர் கலிபோர்னியாவில் மலைச் சைக்கிளிலிருந்து விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டார். அவர்கள் இடத்தில் ஏறிய பல்ப் குழு அன்றிரவே பெரிய குழு ஆனது. 1996 ஏப்ரலில் ஸ்கொயர் போனார். ஆகஸ்டில் ரெடிங் விழா, அக்டோபரில் கலைப்பு. 2011 அக்டோபரில் நால்வரும் மறுபடி கூடினார்கள். 2012 கோடையில் மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க்கில் மூன்று நாள். 2016இல் இரண்டு சிங்கிள். 2017 ஜூனில் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் கடைசி மேடை. மூன்றாவது ஆல்பம் வரவே இல்லை.

2009இல் முதல் ஆல்பத்தின் இருபதாம் ஆண்டுப் பதிப்பை லெக்கியும் பிரவுனும் உட்கார்ந்து மெருகேற்றினார்கள். சில்வர்டோன் அதற்குள் சோனியின் கைக்குப் போயிருந்தது. அந்தப் பதிப்பில் டெமோக்கள் தனித் தட்டாக இருக்கின்றன. டெமோவையும் ஆல்பத்தையும் பாட்டுக்குப் பாட்டு மாற்றி மாற்றிக் கேட்டால், லெக்கி சேர்த்தது எவ்வளவு, அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது எவ்வளவு என்று காதாலேயே பிரித்துவிடலாம்.